லேகியம் பாகான கதை

1568இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப்புகள் சேர்ந்து வெளியிட்ட பைபிளுக்கு, பழம்பதிப்புகள் சேகரிப்பவர்களிடையே ‘ட்ரீக்கிள் பைபிள்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. தன் ஜனங்களின் புண்ணை ஆற்ற ஒரு மருந்து கீலேயாத்தில்கூடக் கிடைக்காதா என்று எரேமியா தீர்க்கதரிசி புலம்பும் இடத்தில், அந்த மருந்துக்கு அவர்கள் போட்ட பெயர் ‘ட்ரையாக்கிள்’. அவர்களுக்கு முன்பே, 1535இல், மைல்ஸ் கவர்டேலும் தம் மொழிபெயர்ப்பில் இதே சொல்லைத்தான் கையாண்டிருந்தார். 1611இல் ஜேம்ஸ் மன்னரின் பெயரால் வந்த பதிப்பு அதை எடுத்துவிட்டு ‘பாம்’ என்று போட்டது. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘பிசின் தைலம்’ என்று இருக்கிறது.

இன்றைய ஆங்கிலேயருக்கு ட்ரீக்கிள் என்றால் கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சுகிற கறுத்த பாகு. கேக்கிலும் புட்டிங்கிலும் சேர்ப்பது. தீர்க்கதரிசியின் வாயில் சமையலறைப் பாகு எப்படி வந்தது என்று வாசகர்கள் சிரிப்பதால்தான் அந்தப் பட்டப்பெயர் நிலைத்தது. ஆனால் பிஷப்புகள் தவறு எதுவும் செய்யவில்லை. ஐரோப்பா முழுவதும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மருந்துகளின் தலைமை மருந்தாக மதித்த ஒன்றின் பெயரைத்தான் அவர்கள் எழுதினார்கள். இருநூறு ஆண்டுகளுக்குள் அந்தச் சொல் மருந்துக்கடையை விட்டு அடுக்களைக்கு இடம் மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் மருந்துச் சொற்களில் இப்படி இடம் மாறியவை ஏராளம். அகராதிகள் மூலச்சொல்லைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன: இது கிரேக்கம், இது லத்தீன், இது டச்சு என்பதோடு சரி. ஜாடிக்குள் என்ன இருந்தது, அதை யார் விற்றார்கள், அதற்கு யார் பொறுப்பேற்றார்கள் என்ற மூன்றையும் பார்த்தால்தான் ஒரு சொல் ஏன் அந்தத் திசையில் போயிற்று என்பது விளங்கும் என்பது என் கருத்து. ட்ரீக்கிளை முன்வைத்து அதைக் காட்டலாம்.

அந்த மருந்தின் மூலப்பெயர் தீரியாக். கொடிய விலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நச்சுக்கடிக்கு மாற்று என்று பொருள். கருங்கடல் கரையிலிருந்த பொந்துஸ் நாட்டு அரசன் ஆறாம் மித்ரிதாத்தீஸ், எதிரிகள் தனக்கு விஷம் வைத்துவிடுவார்கள் என்று அஞ்சி அன்றாடம் ஒரு முறிவு மருந்தைத் தின்றுவந்தான் என்பது ரோமானியர் சொன்ன கதை. கி.மு. 63இல் அவன் இறந்தபின் அந்தச் செய்முறை ரோமுக்கு வந்தது. நீரோ மன்னனின் மருத்துவர் ஆந்திரோமாக்கஸ் அதைத் திருத்தினார். விரியன் பாம்பின் இறைச்சியைச் சேர்த்தார். அபினின் அளவைக் கூட்டினார். சரக்குகளின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. எல்லாவற்றையும் இடித்துச் சலித்துத் தேனில் குழைத்து நாள்பட வைத்தார்கள். நம் ஊர் மருத்துவர் பார்த்தால் தயங்காமல் லேகியம் என்பார். ஐரோப்பிய மருந்து நூல்களும் அதை நக்கித் தின்னும் மருந்து வகையில்தான் சேர்த்தன. அந்த வகைக்கு அவர்கள் வைத்த பெயரும், நம் ‘லேகியம்’ போலவே, நக்குதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. சரக்குப் பட்டியலில் மிளகும் திப்பிலியும் இஞ்சியும் உண்டு. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் துறைகளைக் கடந்து ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

பாம்பு இறைச்சியைப் பக்குவப்படுத்திய முறையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். தலையையும் வாலையும் வெட்டி எறிவார்கள். விஷம் அங்கேதான் தங்கும் என்று நம்பினார்கள். குடலை நீக்கி, தோலை உரித்து, உப்பும் சதகுப்பையும் போட்டு வேகவைப்பார்கள். சதையை எலும்பிலிருந்து பிரித்து, உலர்ந்த ரொட்டித் தூளோடு பிசைந்து வில்லைகளாகத் தட்டி நிழலில் காயவைப்பார்கள். அந்த வில்லைகளே பின்னர் லேகியத்தில் சேரும். பாம்பின் விஷத்தை அதன் உடம்பே தாங்குகிறதென்றால் அந்த உடம்பில் மாற்று இருந்தாக வேண்டும் என்பது அவர்களின் வாதம். அன்றைய அறிவுக்குள் நின்று பார்த்தால் அதை மூடத்தனம் என்று ஒதுக்க மாட்டேன்.

சரி, இது வேலை செய்ததா? கேலன் பெயரில் வழங்கும் ஒரு நூல் போலி தீரியாக்கைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறது. ஒருவருக்குப் பேதி மருந்து கொடுத்து, பின்னர் தீரியாக்கைக் கொடுக்க வேண்டும். வயிறு போவது நின்றால் சரக்கு அசல். இதில் நின்றது எதனால் என்று இன்று நமக்குத் தெரியும்: அபின் குடலின் அசைவைக் கட்டும். வலியைக் குறைக்கும், இருமலை அடக்கும், தூக்கம் தரும். மார்க்கஸ் அவுரேலியஸ் சக்கரவர்த்தி தீரியாக்கை அன்றாடம் சாப்பிட்டவர். பகலில் கண் சொருகுகிறது என்று அபினைக் குறைத்தார். இரவில் தூக்கம் கெட்டது. மறுபடி சேர்க்கச் சொன்னார். எழுதிவைத்தவர் அவருடைய மருத்துவர் கேலன். பாம்புக்கடியில் பயனில்லாத ஒரு மருந்து பதினேழு நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்ததற்குப் பெருங்காரணம் அந்த ஒற்றைச் சரக்கு. மற்ற அறுபதும் அதன் பக்கத்தில் நின்று பெயர் வாங்கின.

இன்னொரு காரணம் அதைச் செய்த முறை. இடைக்கால வெனிஸில் தீரியாக் செய்வது ஊர் கூடிப் பார்க்கும் காரியம். மருந்துக்கடைக்காரர்கள் சரக்குகளைப் பொதுமக்கள் பார்வைக்குப் பரப்பிவைத்து, அதிகாரிகளும் மருத்துவர்களும் சோதித்துச் சரி என்ற பிறகு, கடைவாசலிலேயே பெரிய உரல்களில் இடித்தார்கள். பாதுவா நகரை அடுத்த யூகேனியன் குன்றுகளில் பிடித்த விரியன்கள் கூண்டுகளில் வந்து இறங்கின. மருந்து பலித்ததோ இல்லையோ, ஜாடிக்குள் என்ன போகிறது என்பதை ஊர் பார்த்தது. அரசு முத்திரை போட்டது. வெனிஸ் சரக்கு என்றால் இங்கிலாந்தில் தனி விலை.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது தீரியாக் ‘ட்ரையாக்கிள்’ ஆகி, பிறகு ட்ரீக்கிள் ஆனது. சாமானியர் வாயில் அது எல்லா மாற்றுமருந்துக்கும் பொதுச்சொல்லானது. பூண்டுக்கு ‘ஏழையின் ட்ரீக்கிள்’ என்று பெயர். ஒரு கடுகினச் செடி ‘ட்ரீக்கிள் கடுகு’ ஆனது. நோய் தீர்க்கும் ஊற்றுகளை ‘ட்ரீக்கிள் கிணறு’ என்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த பின்ஸி கிராமத்தில், புனித மார்கரெட் பெயரிலிருக்கும் தேவாலயத்தின் வளாகத்தில் அப்படி ஒன்று இன்றும் இருக்கிறது. 1865இல் வெளிவந்த ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையில் தேநீர் விருந்தில் தூங்கிவழியும் எலி, ட்ரீக்கிள் கிணற்றின் அடியில் வாழும் மூன்று சகோதரிகளைப் பற்றிச் சொல்லும். கிணற்றுக்குள் பாகு எப்படி இருக்கும் என்று ஆலிஸ் மறுக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்துவந்த லூயிஸ் கரோல், சொல்லின் பழைய பொருளையும் புதிய பொருளையும் மோதவிட்டு அந்தக் காட்சியைச் செய்திருக்கிறார்.

1618இல் லண்டன் மருத்துவர் கல்லூரி தன் முதல் மருந்து நூலை லத்தீனில் வெளியிட்டது. அதில் ‘லண்டன் ட்ரீக்கிள்’ என்ற உள்ளூர்ச் செய்முறைக்கும் இடம் இருந்தது. 1649இல் நிக்கோலஸ் கல்பெப்பர் அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கல்லூரியின் கோபத்துக்கு ஆளானார். லத்தீன் தெரியாத குடும்பப் பெண்ணும் கிராமத்து வைத்தியரும் மருந்தின் பெயரையும் அளவையும் தாங்களே படிக்கலாம் என்ற நிலை அவரால் வந்தது. ஆங்கில மருந்துச் சொற்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர். 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது வெனிஸ் ட்ரீக்கிளைத் தின்று வியர்த்தால் நோய் அண்டாது என்று நம்பினார்கள்; அந்தக் கொள்ளைநோயை வைத்து டேனியல் டீஃபோ 1722இல் எழுதிய நூலிலும் கதைசொல்லி அப்படியே செய்கிறான்.

சரிவு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று அறிவின் பக்கம். 1745இல் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் ஒரு சிறு நூல் எழுதி தீரியாக்கையும் மித்ரிதாத்தீஸ் மருந்தையும் உடைத்துப்போட்டார். ஒன்றையொன்று முறிக்கும் சரக்குகளைக் குவித்துவைத்து அதற்கு மருந்து என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மித்ரிதாத்தீஸின் அசல் செய்முறை வெகு எளியது என்ற பழைய செய்தியையும் அவர் எடுத்துக்காட்டினார். ரோமானியத் தளபதி பொம்பே அந்த அரசனின் சொந்தக் காகிதங்களில் கண்டதாக மூத்த பிளினி எழுதியது அது: இரண்டு உலர்ந்த கொட்டைகள், இரண்டு அத்திப்பழம், இருபது அருவதா இலை, ஒரு கல் உப்பு. நம்ப முடியாத பேச்சை ஒரு கல் உப்போடு எடுத்துக்கொள் என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்வதற்கு இந்த உப்பையே மூலமாகக் காட்டுவார்கள். 1788இல் லண்டன் மருந்து நூல் தீரியாக்கை நீக்கியது.

மற்றொன்று சர்க்கரையின் பக்கம். 1640களிலிருந்து பார்படோஸிலும், பின்னர் ஜமைக்காவிலும், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. கச்சாச் சர்க்கரை லண்டனிலும் பிரிஸ்டலிலும் சுத்திகரிக்கப்பட்டது. வடிந்த பாகு மலிவாகக் கிடைத்தது. விலை கூடிய தேனுக்குப் பதிலாக மருந்தைக் குழைக்க அந்தப் பாகு வந்தது. மலிவான ட்ரீக்கிளில் சரக்கு குறைந்து பாகு கூடியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சர்க்கரைப் பாகை ட்ரீக்கிள் என்று அழைக்கும் வழக்கு பதிவாகிவிட்டது. மருந்து நூல் அதைக் கைவிடுவதற்கு நெடுநாள் முன்பே மக்கள் நாக்கு முடிவுசெய்துவிட்டது என்பதை இந்தக் கால வரிசை காட்டுகிறது. பெயர் ஒட்டிக்கொண்டது ஜாடியில் கடைசிவரை மிஞ்சிய பொருளோடு.

அதற்குப் பிறகும் பழைய நினைவு உடனே போய்விடவில்லை. பிள்ளைகளுக்குக் கந்தகத்தை ட்ரீக்கிளில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு முழுக்க இருந்தது. டிக்கன்ஸ் ‘நிக்கோலஸ் நிக்கிள்பி’ நாவலில் வரும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் பசியைக் கெடுத்துச் சாப்பாட்டுச் செலவை மிச்சம்பிடிக்கவே இதை ஊட்டுகிறார்கள். 1880களில் ஆப்ரம் லைல் தேம்ஸ் கரை ஆலையிலிருந்து பொன்னிறப் பாகை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார். அதன் பின் ட்ரீக்கிள் முழுக்க அடுக்களைச் சொல். அளவுக்கு மீறி உருகும் கதையையும் பாட்டையும் குறை சொல்ல அதிலிருந்தே ஒரு பெயரடை பிறந்தது.

இலங்கையில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. கித்துள் பனையின் பூங்கொத்தைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாணி, ஆங்கிலச் சீட்டு ஒட்டிய போத்தல்களில் ‘கித்துள் ட்ரீக்கிள்’ என்றே விற்கிறது. எருமைத் தயிர்ச் சட்டியோடு அதையும் வாங்கிப் போகிறவர் நாவில், பாம்பு இறைச்சி சேர்த்த ஒரு லேகியத்தின் பெயர் இருக்கிறது.

ஆங்கிலத்தின் மிகப் பழைய மருந்துச் சொல் ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். புண்ணுக்குப் பூசும் களிம்பை ஆங்கிலேயர் ‘சால்வ்’ என்றார்கள். பிரெஞ்சு வழியாக ‘ஆயின்ட்மென்ட்’ வந்து சேருமுன் அவர்கள் கையில் இருந்த சொல் அதுதான். கொழுப்பைக் குறித்த மூலத்திலிருந்து வந்தது. நெய்யைக் குறிக்கும் ‘சர்ப்பிஸ்’ என்ற சம்ஸ்கிருதச் சொல்லும் இதற்கு உறவு என்று மொழிநூலார் காட்டுகிறார்கள். வீட்டில் இருக்கும் கொழுப்பில் பச்சிலையைக் காய்ச்சிப் பூசுவதுதானே எங்கும் முதல் மருத்துவம். சந்தையில் நின்று கூவி இந்தக் களிம்பை விற்றவனை டச்சுக்காரர்கள் ‘குவாக்சால்வர்’ என்றார்கள்: வாயடித்துக் களிம்பு விற்பவன். ஆங்கிலத்தில் பின்பாதி உதிர்ந்து ‘குவாக்’ நின்றது. இன்று போலி மருத்துவருக்கு அதுதான் பெயர். களிம்பு போய், கூவல் மட்டும் மிஞ்சியது. ‘சால்வ்’ தனியாக நல்ல பெயரோடுதான் இருக்கிறது. பழி களிம்பின் மேல் விழாமல் விற்றவன் மேல் விழுந்ததைக் கவனிக்க வேண்டும். ‘பாம்’ அந்த வகையில் கொடுத்துவைத்த சொல்: 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் போன்றவை வழியாக நம் வீட்டுத் தலைவலிக்கும் வந்து சேர்ந்து, கௌரவம் குறையாமல் இருக்கிறது.

பாம்புக்குத் திரும்பலாம். ‘பாம்பு எண்ணெய்’ என்றால் இன்றைய ஆங்கிலத்தில் அப்பட்டமான ஏமாற்றுச் சரக்கு. அரசியல்வாதியின் வாக்குறுதியையும் கணினிக் கம்பெனியின் விளம்பரத்தையும் அப்படிச் சொல்லி ஒதுக்குவார்கள். இந்தப் பழிச்சொல்லோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுபவர் கிளார்க் ஸ்டான்லி. கிலுகிலுப்பை விரியன்களின் ராஜா என்று தன்னை அழைத்துக்கொண்டவர். ஹோப்பி பழங்குடி வைத்தியர்களிடம் கற்றதாகச் சொன்னவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின்போது கூட்டத்தின் முன் பாம்பைக் கிழித்து, கொதிக்கும் நீரில் போட்டு, மிதந்த கொழுப்பை வழித்துக் காட்டினார் என்பார்கள். வாதம், இடுப்புவலி, பல்வலி, சுளுக்கு, விஷக்கடி என்று சீட்டு முழுக்க நோய்கள்.

அமெரிக்காவில் 1906இல் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் வந்தது. அபினும் மார்ஃபினும் சாராயமும் கலந்த ரகசிய மருந்துகளைப் பற்றி சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 1905இல் ‘காலியர்ஸ்’ இதழில் எழுதிய தொடர் அதற்கு உந்துதலாக இருந்தது. அந்தச் சட்டத்தில் ஓட்டை இருந்தது: உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றிப் பொய் சொன்னால் குற்றம், நோய் தீரும் என்று பொய் சொன்னால் குற்றமில்லை என்று 1911இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் அதை அடைத்தது. ஸ்டான்லியின் புட்டியைப் பிடித்து அரசு ஆய்வகம் சோதித்தபோது கண்டது: லேசான கனிம எண்ணெய், ஒரு சதவீத அளவுக்கு மாட்டுக்கொழுப்பாக இருக்கக்கூடிய ஒரு கொழுப்பு, மிளகாய், கொஞ்சம் கற்பூரமும் டர்பன்டைனும் இருந்திருக்கலாம். பாம்பு இல்லை. அபராதம் 20 டாலர்.

தீரியாக்கையும் இந்தப் புட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் பாம்பின் உடம்பில் மருந்து இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையை விற்றவை. இரண்டிலும் உடம்பில் உறைக்கும் ஒரு சரக்கு உண்டு: அங்கே அபின், இங்கே மிளகாய். மிளகாய்க் காரத்தைத் தேய்த்தால் மூட்டுவலி சற்று மட்டுப்படும் என்பதும் உண்மையே. அந்தக் காரச்சத்தைச் சேர்த்த களிம்புகள் இன்றும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. ஆனால் வெனிஸ் லேகியத்தில் உண்மையிலேயே பாம்பு இருந்தது. அதை ஊர் பார்த்தது. ஸ்டான்லி கூட்டத்தின் கண்முன் பாம்பை வெட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேறொன்றைப் புட்டியில் அடைத்தார். பலிக்காத மருந்தாக நிரூபணமான தீரியாக்கின் பெயர் பாகுக்குப் போயிற்று. புட்டிக்குள் இல்லாத மருந்தாக நிரூபணமான பாம்பு எண்ணெயின் பெயர் ஏமாற்றுக்குப் போயிற்று. பலிக்காமல் போனதை ஆங்கிலம் மன்னித்துவிட்டது, வேறொன்றை அடைத்துக் கொடுத்ததை மன்னிக்கவில்லை என்றே இதை நான் படிக்கிறேன்.

மருந்துச் சொல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கே வந்த வழக்கு ஒன்று உண்டு. 1899இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஒரு வலிமருந்துக்கு ‘ஆஸ்பிரின்’ என்று பெயர் சூட்டியது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் தூளாகத்தான் விற்றது. அதை வாங்கி மாத்திரையாக அடித்து விற்றவர்கள் வேறு கம்பெனிகள். மாத்திரை வாங்கியவர் சீட்டில் பேயரின் பெயரைப் பார்த்ததே இல்லை. 1917இல் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் ஆஸ்பிரின் என்ற பெயரிலேயே விற்க, பேயர் வழக்கு தொடுத்தது. 1921இல் நியூயார்க் நீதிபதி லேர்னட் ஹேண்ட் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வாங்குகிறவர் இந்தச் சொல்லைக் கேட்டால் என்னவென்று புரிந்துகொள்கிறார்? மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் அது பேயரின் சரக்கு. அவர்களுக்கு வேறொரு வேதியியல் பெயர் தெரியும். கடையில் காசு கொடுத்து வாங்கும் சாமானியருக்கு ஆஸ்பிரின் என்பது அந்த மருந்தேதான். வேறு பெயர் கிடையாது. ஆகவே வணிகர்களிடையே விற்கும்போது பெயர் பேயருடையது, மக்களிடம் விற்கும்போது அது யாருக்கும் பொது என்று அவர் தீர்ப்பைப் பிரித்துக் கொடுத்தார். கனடாவில் அந்தப் பெயர் இன்றும் பேயரின் சொத்து. மற்றக் கம்பெனிகள் அதே மாத்திரையை அங்கே அதன் வேதியியல் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு விற்கின்றன.